ஹாலின் இடது பக்கம்

மார்ச் 3, திங்கள்

இவர் இன்று பன்னிரண்டு கார்களை விற்றுவிட்டார்.

விரல் நீளப் பொம்மைக் கார்கள்தான். ஆனால் இருபத்தாறு வருடமாக அவற்றைத் தூசி தட்டக்கூட என்னை விட்டதில்லை. மகள் மூன்று வயதில் ஒரு சிவப்பு வேனை எடுத்துத் தரையில் உருட்டினாள் என்று அன்று முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசாதவர். ஹால் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடி அலமாரியில் மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு. அதன் சாவி இவர் சட்டைப் பையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் மேல்தட்டு துடைத்துவிட்டாற்போல் காலி. கேட்டதற்கு, "ஹாலைக் கொஞ்சம் பழைய மாதிரி மாத்தலாம்னு இருக்கேன். அதுக்குப் பணம் வேணும்ல?" என்றார். அந்தக் காலத்து மர நாற்காலி, பிரம்பு சோபா, பித்தளை ஸ்விட்ச், சிவப்புத் தரை. அப்படியொரு வீடு வேண்டுமாம். யாருக்கு? திரைச்சீலையை மாற்றி எட்டு மாதம் கழித்து "இது எப்ப வாங்கினது?" என்று கேட்ட மனிதருக்கு!

எரிந்த வீட்டையும் நனைந்த கடையையும் போய்ப் பார்த்து, கேட்கிற நஷ்ட ஈடு நிஜமா புளுகா என்று எழுதிக் கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. காப்பீட்டு ஆபீசில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தானே தீ வைக்கிறவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். முதலில் தனக்குப் பிரியமானதை அப்புறப்படுத்துவான். பீரோ எரிந்திருக்கும், கட்டில் எரிந்திருக்கும், போட்டோ ஆல்பம் மட்டும் மச்சினன் வீட்டில் பத்திரமாக இருக்கும்.

இவர் எதைக் கொளுத்தப் போகிறார்?

மார்ச் 5, புதன்

டீப்பாயில் இடித்துக்கொண்டேன். இடது முழங்காலுக்குக் கீழே நீலம் பாய்ந்திருக்கிறது. நேற்று இருந்த இடத்தில் அது இல்லை, நிச்சயமாக இல்லை. யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு பல் டாக்டர் வந்து நாற்பது கார்களை வாங்கிப் போனார். ஒவ்வொன்றையும் இவரே பஞ்சில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தார். இது எந்த வருடத்தது, இதன் கதவு திறக்கும், இதைக் கவிழ்த்து வைக்காதீர்கள் என்று ஒரே உபதேசம். பல் டாக்டர் கேட்டைத் தாண்டியதும் பாத்ரூமுக்குள் போனவர் அரைமணி நேரம் வரவில்லை. இவ்வளவு வலிக்கிறதென்றால் எதற்காக விற்கிறார்?

இன்னொன்று. நான் கேட்காமலே டீப்பாயைத் தூக்கிப் பழைய சாமான்காரனிடம் கொடுத்துவிட்டார். நல்ல கண்ணாடி டீப்பாய். "நீ இடிச்சுக்கிட்ட இல்ல" என்றார். கேட்காமல் வருகிற கரிசனம் என்றாலே எனக்கு மூக்கில் வியர்க்கும்.

மத்தியானம் போன் வந்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். இருபத்தாறு வருடத்தில் இவருக்கு வந்த போன் எல்லாம் "லிஃப்ட் பாதியில நிக்குது சார்" வகைதான். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்து இன்றைக்கு மேற்பார்வையாளர். இவருக்கு ஏது ரகசியம்? துணி எடுக்கிற சாக்கில் நானும் ஜன்னலோரம் போனேன். ஒரு வாக்கியம் மட்டும் முழுசாகக் காதில் விழுந்தது.

"இப்போதைக்கு அவளுக்குத் தெரிய வேண்டாம்."

மார்ச் 14, வெள்ளி

"நாளைக்குப் பத்து மணிக்கு வேற எதுவும் வச்சுக்காத. ஒரு இடத்துக்குப் போகணும்" என்றார். எங்கே என்றேன். "போனாத் தெரியும்." என்னிடமா? நானே ஆட்களை இப்படித்தான் ஆபீசுக்குக் கூப்பிடுவேன், என்ன விஷயம் என்று சொல்லாமல். சொன்னால் கதையைத் தயார் செய்துகொண்டு வந்துவிடுவார்கள்.

வக்கீலாக இருக்குமோ? போன வருடம் சண்டையில் இவர் வாயிலிருந்து வந்தது இன்னும் காதிலேயே நிற்கிறது: "பேசாம வீட்டை வித்துட்டு ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாம்." மறுநாள் கோபத்தில் சொன்னேன் என்றார். கோபத்தில்தான் மனிதர்கள் நிஜத்தைச் சொல்வார்கள்.

மார்ச் 15, சனி

காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டேன். தண்ணீர் புகுந்த பெயிண்ட் கடை ஒன்று பாக்கி இருந்தது, திங்கட்கிழமை போயிருக்கலாம். இன்றே போனேன்.

கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். ரேக் நிறைய டப்பா போச்சு மேடம் என்றார். நான் சுற்றிப் பார்த்தேன். வலதுபுறம் ரேக் இருந்தது, எதிரே இருந்தது. அவர் பட்டியலில் எழுதியிருந்த மூன்றாவது ரேக்கைக் காணோம். சரியான புளுகு. அப்படியே எழுதிவிட்டேன்.

திரும்பும்போது வண்டியின் இடதுபக்கக் கண்ணாடி கேட்டில் உரசி உடைந்தது. கேட்டைக் குறுகலாகக் கட்டியவனைச் சொல்ல வேண்டும். இவர் வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 17, திங்கள்

வண்டி மெக்கானிக்கிடம் போய்விட்டது. கண்ணாடி மாற்ற எத்தனை நாள்? "பிரேக்கும் சரியில்லையாம். ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்று மென்று முழுங்குகிறார். அதையும் விற்றாயிற்றா?

மார்ச் 20, வியாழன்

இன்று ஆள் வந்தாயிற்று. இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், நாற்காலி எல்லாம் வாங்கி இழைத்து விற்கிற மரக்கடை அம்மா. அறுபது வயது இருக்கும், காதில் பென்சில், கையில் டேப். இவரைத் தம்பி என்று கூப்பிடுகிறார். பால்கனி போனில் பேசியது இந்தம்மாதான் போலிருக்கிறது. நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன், அதை இங்கே எழுத வேண்டாம்.

ஆனால் அளந்ததுதான் விசித்திரம். நாற்காலிக்கும் சோபாவுக்கும் இடம் பார்ப்பார் என்று நினைத்தால், கதவு அகலத்தை அளக்கிறார். நிலைப்படியை எடுத்துவிடலாம் என்கிறார். ரூமிலிருந்து பாத்ரூம் வரை சுவரோரம் கட்டையை ஓட்டிப் பித்தளைப் பூண் போடலாமாம், பழைய மாளிகையில் அப்படித்தான் இருக்குமாம். எந்த மாளிகையில்? நானும் தீப்பிடித்த மாளிகைகளைப் பார்த்தவள்தான்.

போகும்போது என் கையைப் பிடித்து, "குடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார். பார்வையில் இரக்கம். என்னைப் பார்த்து எதற்கு இரக்கப்பட வேண்டும்?

மார்ச் 22, சனி

இன்றும் "பத்து மணிக்கு". இன்றும் தப்பித்தேன். தலைவலி என்று சொன்னேன். "அப்ப கண்டிப்பா வரணும்" என்று ஒரு மாதிரி அவசரப்பட்டார். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இவர் குளிக்கப் போனபோது பீரோவைத் திறந்து பார்த்தேன். வீட்டுப் பத்திரம் இருக்கிறது. மேலே இருந்த கவர் கீழே போயிருக்கிறது.

மார்ச் 26, புதன்

பாதி வழியில் அடையாள அட்டையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பி வந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஹாலில் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். உதட்டுக்குள் எண்ணுகிறார், ஒன்று, இரண்டு, மூன்று. ரூம் வாசலில் இடுப்பை இடித்துக்கொண்டு நின்றார். பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டார். திரும்பவும் முதலிலிருந்து.

நான் செருமினேன். கண்ணைத் திறந்தவர் திருட்டு முழி முழித்தார். "அளவு பாத்தேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டா அளவு பார்ப்பார்கள்?

ஆள் ஏறுவதற்கு முன் காலி லிஃப்டைப் பத்துத் தடவை ஓட்டிப் பார்க்கிற மனிதர் இவர். எதையும் சோதிக்காமல் செய்ய மாட்டார். ஆக, ஏதோ ஒன்றை ஒத்திகை பார்க்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பயமாக இருக்கிறது என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

மகளிடம் போனில் சொன்னேன். அப்பா வீட்டை அலங்காரம் பண்ணி விலை ஏற்றுகிறார், விற்றுவிட்டு என்னை அம்போவென்று விடப் போகிறார் என்றேன்.

"அம்மா, அப்பாவை கிளைம் பாக்கற மாதிரி பாக்காதம்மா" என்றாள். "அவர் கூப்பிடற எடத்துக்கு ஒரு தடவை போயிட்டுத்தான் வாயேன்."

இவர் எங்கோ கூப்பிடுகிறார் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லையே.

ஏப்ரல் 2, புதன்

அந்தப் பெயிண்ட் கடைக்காரர் மேலிடத்தில் புகார் கொடுத்திருக்கிறார். மேலதிகாரி கூப்பிட்டு, "மூணாவது ரேக் இருக்குன்னு போட்டோ அனுப்பியிருக்காரே. வாசல்ல நுழைஞ்சதும் இடது பக்கம்" என்று ஒரு படத்தைக் காட்டினார். பத்தடி நீள ரேக். நான் போனபோது அது அங்கே இல்லை. பிறகு கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான், வேறென்ன. துரு பிடித்த கால், சுவரில் அதே அளவுக்கு ஈரக் கறை... கறையைக்கூடச் செய்துவிடுவார்களா?

புதிதாகச் சேர்ந்த பெண்ணை இனி என்னோடு அனுப்பப் போகிறார்களாம். "உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்." என் நாற்காலிக்குக் குறி வைத்துவிட்டார்கள். வீட்டில் ஒருவர், ஆபீசில் ஒருவர். நல்ல ஜோடி.

ஏப்ரல் 5, சனி

இவர் வேலைக்குப் போன பிறகு மரக்கடைக்கே போனேன். என்னைப் பார்த்ததும் அந்தம்மா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் வீட்டு வேலையைக் காட்டுங்கள் என்றேன். நாற்காலிகள் அழகாகத்தான் இருந்தன, பொய் சொல்லக் கூடாது. கறுத்த மரம், அகலக் கை, முனை எல்லாம் உருட்டி இழைத்தது. ஒரு மேசை கூர் முனையே இல்லாமல் முழு வட்டம்.

ஆணியில் ஒரு தாள் மாட்டியிருந்தது. எங்கள் ஹாலின் படம், இவர் கையெழுத்து. நாற்காலி, மேசை, விளக்கு எல்லாவற்றுக்கும் இடம் குறித்து வைத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் மட்டும் கட்டம் போட்டு எழுதியிருந்தது: "இடது பக்கம் எதுவும் வேண்டாம். காலியாக இருக்கணும்."

எதற்குக் காலி? அங்கே என்ன வரப்போகிறது, யார் வரப்போகிறார்கள்? அந்தம்மா வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். கல்லுளிமங்கி. கடைசியில், "வாங்கின காசுக்கு நான் மரம்தாம்மா குடுக்க முடியும். மத்ததை அவருகிட்டதான் கேக்கணும்" என்றார்.

வெளியே வரும்போது சாத்தி வைத்திருந்த கதவில் தோள் இடித்தது. அந்தம்மா ஓடிவந்து பிடித்தார். ஏதோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவர் மாதிரி.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடைசிக் காரும் போய்விட்டது. அலமாரியும் போய்விட்டது. சுவரில் அது நின்ற இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. இவர் அதற்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுபோனபோது கண் கலங்கியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன், இது நடிப்பு இல்லை.

இவ்வளவு ஆசையாகச் சேர்த்ததை இப்படி விடுகிறவர் என்னை விட எத்தனை நேரம் ஆகும்?

ஏப்ரல் 12, சனி

கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். வீட்டை விற்கப் போகிறீர்களா என்றேன். இல்லை என்றார். விட்டுவிட்டுப் போகப் போகிறீர்களா? "என்ன பேசற நீ?" அப்படியென்றால் இந்த நாற்காலி, கட்டை, பித்தளை எல்லாம் யாருக்கு?

"உனக்குத்தான்."

எனக்கா? நான் கேட்டேனா? எனக்குப் பழைய சாமான் என்றாலே ஆகாது, கரி வாசனை வரும், அது இவருக்கும் தெரியும். இருபத்தாறு வருடத்தில் நான் கேட்ட ஒரு மிக்ஸி வர மூன்று வருடம் ஆனது. கேட்காமலே மாளிகை கட்டுகிறாராம். அவ்வளவையும் கொட்டிவிட்டேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவர், "நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. உன் கண்ணு..." என்று ஆரம்பித்தார். என் கண்ணுக்கு என்ன? எதைச் செய்தாலும் கண்டுபிடித்துவிடுகிறது என்று எரிச்சலா? ஆறு மாதம் முன்புதான் கடையில் கண்ணாடி மாற்றினேன், கடைசி வரி வரை படித்துக் காட்டினேன். அதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்றைக்கும் "பத்து மணி" என்று ஏதோ இருந்ததாம். அது மூன்றாவது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இனி பேச்சுக்கு இடமில்லை, வேலையை முறையாகச் செய்வோம். இவர் மரக்கடைக்குப் போனதும் ஆபீஸ் கேமராவை எடுத்தேன், கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கிற பழைய கேமரா, அகல லென்ஸ். எரிந்த வீட்டுக்குச் செய்வதையே என் வீட்டுக்கும் செய்தேன். ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலையில் நின்று நான்கு படம். பிறகு நடைவழி. மொத்தம் இருபத்திரண்டு. எடுத்தது எடுத்தபடி இருக்கட்டும். அடுத்த வாரம் இன்னொரு தடவை எடுத்து ஒப்பிட்டால் என்ன நகர்கிறது, என்ன காணாமல் போகிறது என்று குட்டு வெளிப்பட்டுவிடும்.

வீட்டில் நான் மட்டும்தான். ஒருமணி நேரம் நிம்மதியாக வேலை பார்த்தேன். முடித்துவிட்டுத் திரும்பினால் இவர் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பூனை.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் படங்களைப் பெரிதாகப் போட்டுப் பார்த்தேன். முதல் படம், ஹால். இடது ஓரத்தில் நீலச் சட்டை. இவர். ஒரு ஸ்டூலைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அடுத்த படத்திலும் இவர். நடைவழியில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு எனக்கு வழி விட்டு நிற்கிறார். ரூமில் பாதி திறந்த கதவை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். சமையலறையில் ஆள் தெரியவில்லை, கை மட்டும். மேடையின் கூர் முனையைப் பொத்திக்கொண்டு ஒரு உள்ளங்கை.

நான் தனியாத்தான் இருந்தேன். சத்தியமா தனியாத்தான் இருந்தேன். அப்ப இது யாரு? ஒருமணி நேரமா என் பக்கத்துலயே நின்ன மனுஷனை நான் எப்படிப் பாக்காம இருந்தேன்?

முதலில் வேவு பார்த்திருக்கிறார் என்றுதான் புத்தி போனது. ஆனால் ஒளிந்து பார்க்கிறவன் நடு ஹாலில் வெளிச்சத்தில் நிற்க மாட்டான். எண்ணினேன். பதினொரு படத்தில் இருக்கிறார். பதினொன்றும் இடது ஓரம். வலது பக்கம் ஒன்றில்கூட இல்லை. எரிந்த வீட்டில் இப்படி ஒரு ஒழுங்கு தெரிந்தால் நான் என்ன எழுதுவேன்? தற்செயல் அல்ல என்று எழுதுவேன்.

சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினேன். தெரிந்தது. இடது கையை நீட்டினேன்.

கை இல்லை.

மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். இல்லை. இன்னும் கொண்டுவந்தேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில்தான் என் விரல் எனக்குத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். தம்ளரை வலது பக்கம் வைத்திருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இவரிடம் நேற்று படங்களைக் காட்டினேன். வாசலிலேயே குரல் கொடுத்தாராம், நான் வேலை மும்முரத்தில் காதில் வாங்கவில்லையாம். பின்னாலேயே வந்திருக்கிறார். எத்தனை நாளாகத் தெரியும் என்றேன். இரண்டு வருடம் இருக்கும் என்றார். நான் மூன்று தடவை தவறவிட்டது கண் ஆஸ்பத்திரி.

வண்டி மெக்கானிக் ஷெட்டில்தான் நிற்கிறதாம். பிரேக்குக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நேரே பார்த்தபடி, எங்கே வெளிச்சப் புள்ளி வந்தாலும் பட்டனை அழுத்த வேண்டும். நன்றாகத்தான் போனது. நடுவில் ரொம்ப நேரம் ஒரு புள்ளியும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது, பாருங்கள் என்று நர்சிடம் சொன்னேன்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு மேடம்" என்றாள்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையை அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. வலி இருக்காதாம், நடுப் பார்வை கூராகவே இருக்குமாம். அதனால்தான் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்திருக்கிறேன். அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் பார்வை போயிற்று. சர்க்கரை என்று சொன்னார்கள். அது இதுவாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது. வெள்ளைத் தாளில் என் இரண்டு கண்களையும் வட்டமாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். இடது கண்ணில் நடுப் பொட்டு தவிர எல்லாம் கறுப்பு, வலது கண்ணில் இடது பாதி கறுப்பு. தீப்பிடித்த அறையின் வரைபடத்தை நானும் இப்படித்தான் கறுப்பு அடிப்பேன்.

எனக்குத் தெரிவதெல்லாம் பார்க்க மட்டும்தான். வேறு என்ன தெரியும் எனக்கு?

ஏப்ரல் 18, வெள்ளி

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எல்லாவற்றையும் நானே எழுதியிருக்கிறேன். முழங்கால், கேட், ரேக், கதவு. ஒன்றையும் விடவில்லை. கூட்டத்தான் தெரியவில்லை.

பிறகு இவர் மேல் கோபம் வந்தது, அடக்கவே முடியவில்லை. இரண்டு வருஷம். முதல் நாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்காதா? நாற்காலிக்கு மரம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தீர்களே, ஒரு வார்த்தை நேராகச் சொல்ல வாய் வரவில்லையா என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தப்புத்தான் என்றார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"சொன்னா நீ ஆதாரம் கேப்ப. என்கிட்ட ஆதாரம் இல்ல. கட்டை போட மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது நிஜம். நான் கேட்டிருப்பேன். கொடுத்திருந்தாலும் அந்த ஆதாரத்தைச் சந்தேகப்பட்டிருப்பேன். பழைய பாணி வீடு என்றது எதற்கு என்றேன். ஆஸ்பத்திரி மாதிரி கைப்பிடி மாட்டினால் நான் ஒரே நாளில் பிடுங்கி எறிந்துவிடுவேன் என்று தெரியுமாம். அலங்காரம் என்றால் சந்தேகப்படுவேன், ஆனால் விட்டுவைப்பேன் என்று கணக்குப் போட்டாராம். இருபத்தாறு வருடம் என்னை இவர் எவ்வளவு பார்த்திருக்கிறார்! எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

பெயிண்ட் கடைக்கு மறுபடி போனேன், புதுப் பெண்ணோடு. இடது பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தேன். ரேக் இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். என் கண்ணில் கோளாறு என்று சொன்னேன், வெளியாளிடம் முதல்முறையாக. "பரவால்ல மேடம், நீங்க வேணும்னே எழுதுனீங்கன்னு நெனச்சேன்" என்றார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

ஆபீசில் கையெழுத்துப் போட்டு என் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி உள் வேலை. இரண்டு வருடத்து ரிப்போர்ட்டுகளை எடுத்து, யாரை எல்லாம் பொய்யன் என்று எழுதினேன் என்று பார்க்கிறோம். பதினேழு பேரை மறுபடி விசாரிக்க வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

காலை, இரவு சொட்டு மருந்து. இவர்தான் விடுகிறார். இவர் கை எண்ணெய்க் கை, கழுவினீர்களா என்று தினமும் கேட்கிறேன். தினமும் கழுவியிருக்கிறார்.

மே 4, ஞாயிறு

ஹால் முடிந்துவிட்டது. சுவர் சுண்ணாம்பு வெள்ளை, நாற்காலி கறுப்பு. எது எங்கே என்று எட்ட நின்றே தெரிகிறது. மரக்கடை அம்மா கூடவே இருந்து ஒவ்வொரு பூணையும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "மியூசியம் மாதிரி இருக்கும்மா, டிக்கெட் போடலாம்" என்றாள். அவளிடம் கோபித்துக்கொள்ள நினைத்திருந்தேன், எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காததற்கு. சிரித்துவிட்டேன்.

கார்கள் இல்லாத இவரைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. பல் டாக்டரிடம் கேட்கலாமா என்றேன். வேண்டாம், அவர் பிள்ளை தரையில் உருட்டி விளையாடுகிறானாம், சந்தோஷமாக இருக்கட்டும் என்றார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்காகவே விற்றார், இதற்கு நான் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை.

மே 11, ஞாயிறு

மழை. இருவருக்கும் லீவு. பிரம்பு சோபாவில் உட்கார்ந்து பதினேழில் ஆறாவது கோப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தையல் கடைக்காரர்; அவரும் நிஜம்தான் சொல்லியிருக்கிறார். இவர் செய்தித்தாளோடு வந்தாற்போல் இருந்தது, பிறகு சத்தம் இல்லை. முன்பு என்றால் கோப்பை மூடிவிட்டு எழுந்து வீடு முழுக்கத் தேடியிருப்பேன்.

"இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன்" என்றார், இடது பக்கத்திலிருந்து.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பக்கத்தைப் படித்தேன்.